கடைசிப் பதினாறு பக்கம்

முதல்முதலாக நாவல் படிக்க வருகிறவர்களுக்கு ஹிக்மத் ஒருநாளும் தடித்த புத்தகம் கொடுத்ததில்லை. அதில் அவன் பிடிவாதக்காரன். வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி, "முதல்ல இத முடிங்க" என்று நூறு, நூற்றிருபது பக்கத்துக்குள் ஒன்றை எடுத்து நீட்டுவான். எந்தப் புத்தகம் என்று அவன் தீர்மானிக்கும் விதமும் தனி. "உங்களுக்கு என்ன மாதிரி கதை பிடிக்கும்?" என்று கேட்க மாட்டான். இதுவரை படிக்காதவருக்கு அது எப்படித் தெரியும்? "என்ன வேலை பாக்கறீங்க? வேலையில பக்கத்துல யாரு இருப்பாங்க? ராத்திரிச் சாப்பாடு யாரோட?" என்று மூன்று கேள்வி கேட்பான். பதிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு கை ஒரு புத்தகத்தின் மேல் போய் நிற்கும். பாக்தாதில் புத்தகம் விற்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். இப்படிக் கேட்டுக் கொடுக்கிறவன் இவன் ஒருவன்தான்.

அந்த மூன்றாவது கேள்வியை அவனிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தனியாகத்தான் என்று சொல்லியிருப்பான்.

ஹிக்மத் மோசூல்காரன். இருபத்திரண்டு வயதில் அரசாங்க அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை கிடைத்து பாக்தாதுக்கு வந்தவன், அங்கேயே தங்கிவிட்டான். ஆஸமியாவில் மாடியில் இரண்டு அறை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் "பாக்கலாம்" என்றான். பெண்வீட்டார் எத்தனை நாள் பார்ப்பார்கள்? நாற்பத்தொன்பது வயதாகிவிட்டது. மோசூலில் இருந்த அக்கா நஸீமா ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தம்பி பார்த்து அனுப்பிய மெய்ப்பில் இருபத்தேழு வருடத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட அச்சாகவில்லை என்பதை அக்கம்பக்கத்தில் சொல்லாத நாள் கிடையாது. அது உண்மையும்கூட.

பொருளாதாரத் தடையால் வெளிநாட்டுப் புத்தகம் வருவது நின்று இரண்டு வருடமான பிறகு, அச்சகத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனது. அப்போதுதான் ஹிக்மத் சராய்ச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் துணி விரித்தான். பேருக்குத்தான் கடை. நாற்பது நாவல், எல்லாமே ஜெராக்ஸ். அம்மான் லாரியில் யாரோ ஒருவர் பைக்குள் வைத்து ஒரே ஒரு பிரதி கொண்டுவருவார். அதைப் பிரித்து, ஜெராக்ஸ் எடுத்து, வெள்ளை அட்டை போட்டு விற்பார்கள். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். காகிதம் கிடைக்காத காலம் என்பதால் பக்கங்களைச் சிறிதாக்கி எடுப்பார்கள். அதில் அடியில் இருக்கும் பக்க எண் வெட்டுப்பட்டுப் போகும். மற்ற கடைகளில் வாங்கிய பிரதியில் நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு எழுபது வருவது சாதாரணம். ஹிக்மத்தின் பிரதியில் அது நடக்காது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று மடித்து, ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் எண் போட்டு, ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசி எடுப்பான்.

மிஸ்ஹர் அந்தக் கடைக்கு முதலில் வந்தது தொண்ணூற்றாறு பிப்ரவரியில். அறுபது வயதிருக்கும். உயரமான ஆள், பஸ்ரா பேச்சு. நின்றுகொண்டே எல்லாப் புத்தகத்தையும் கண்ணால் அளந்தார்.

"உஸ்தாத், இருக்கறதுலயே தடிமனானது எது?"

"எதுக்கு?"

"படிக்கத்தான். தலைக்கு வச்சுத் தூங்கவா கேக்கறேன்?"

"தலைக்குன்னா இங்க வாங்க மாமா, என்கிட்ட அகராதி இருக்கு" என்றான் பக்கத்துத் துணியில் உட்கார்ந்திருந்த ஸப்ரி. அவன் பழைய பத்திரிகையும் அகராதியும் விற்கிறவன். வாய் சும்மா இருக்காது.

ஹிக்மத் தன் மூன்று கேள்வியை ஆரம்பித்தான்.

"லிஃப்ட்மேன்" என்றார் மிஸ்ஹர். "ஆறு மாடி சர்க்கார் கட்டடம். லிஃப்ட் ஓடி ரெண்டு வருசம் ஆச்சு, உதிரி பாகம் இல்ல. ஆனா லிஃப்ட்மேன்னு ஒரு பதவி இருக்கே, அத எங்க கொண்டு வைக்க? காலைல எட்டு மணிக்குப் போய் அதுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருவேன். வர்றவங்ககிட்ட ஓடாதுன்னு சொல்லுவேன். ரெண்டு மணிக்கு வீட்டுக்கு."

"பக்கத்துல யாரு இருப்பாங்க?"

"லிஃப்ட்தான்."

"ராத்திரிச் சாப்பாடு?"

மிஸ்ஹர் சிரிப்பதை நிறுத்தினார். "வீட்டுக்காரி போயி நாலு வருசம். பையன் நவ்ஃபல் லிபியாவுல. ரேடியோவோட சாப்பிடறேன்னு வச்சுக்கங்களேன்."

ஹிக்மத் தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தண்ணீர் வராத கிணற்றை விடாமல் தோண்டிக்கொண்டிருக்கும் ஒருவனின் கதை. மிஸ்ஹர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது ரெண்டு நாள் தாங்காதே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடை விரிப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றார்.

"இதுல ஒண்ணுமே நடக்கலயே உஸ்தாத்."

"ஆமா."

"ஆனா மூணு நாளா அந்தக் கிணத்த விட்டு வெளிய வர முடியல. அவன் எதுக்குத் தோண்டறான்? தண்ணி இல்லேன்னு அவனுக்குத் தெரியாதா?"

"நீங்க எதுக்கு லிஃப்ட் பக்கத்துல உக்காந்திருக்கீங்க, அபூ நவ்ஃபல்?" என்றான் ஹிக்மத், நவ்ஃபலின் அப்பா என்று ஊர் வழக்கப்படி மகன் பேரைச் சேர்த்து.

மிஸ்ஹர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். அன்று இரண்டு பேரும் மத்தியானத் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை பேசினார்கள். ஹிக்மத் கடை போட்ட நாலு வருடத்தில் யாரும் புத்தகத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து அதைப் பற்றி அவனிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை. வாங்குவார்கள், போவார்கள். சிலர் அடுத்ததைக் கேட்பார்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வாரம் ஒன்று. ஒரே வீட்டை நடுவில் திரை கட்டிப் பிரித்துக்கொண்ட இரண்டு குடும்பங்களின் கதை. கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தே கிழவனான, ஆனால் கடலில் ஒருமுறைகூடப் போகாத ஒருவனின் கதை. எதிலும் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்க மாட்டார்கள். மிஸ்ஹர் கோபித்துக்கொள்வார். "நாவல் எல்லாத்தையும் சொல்லாது அபூ நவ்ஃபல். விட்டதை நீங்கதான் போட்டு நிரப்பணும்" என்பான் ஹிக்மத். "அப்ப பாதிக் காசு குடுங்க, பாதி வேலை நான் பாக்கறேன்ல" என்பார் அவர்.

ஹிக்மத்தின் வாரம் மாறிப்போனது. சனிக்கிழமை முதலே அடுத்த வெள்ளிக்கு எதைக் கொடுக்கலாம் என்று யோசிப்பான். திங்களன்று ஒன்றை எடுத்து வைப்பான், புதனன்று மாற்றுவான். அச்சகத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மிஸ்ஹர் எந்தப் பக்கத்தில் நிறுத்தி என்ன கேட்பார் என்று தனக்குள்ளேயே பேசிப் பார்ப்பான். வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்குத் தேநீர்க் கடை மூலையில் அந்த உயரமான உருவம் தெரிந்ததும் ஸப்ரி கூப்பிடுவான்: "ஹிக்மத், உன் மாமனார் வந்துட்டாரு. எந்திரிச்சு நில்லு."

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மிஸ்ஹர் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஸப்ரி டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான் உஸ்தாத். ஃபாலிஹ். பஸ்ரா பக்கம் அபுல் கஸீப்ல, எங்க பேரீச்சந்தோட்டத்துலயே இருக்கான். குண்டு விழுந்தப்ப நான் பொண்டாட்டி புள்ளையோட இங்க வந்துட்டேன். அவன் மாட்டேன்னுட்டான். எண்பத்தாறுல அவன் மகன் போர்ல செத்துப்போனான். பத்தொம்பது வயசு. மூணு நாள் ஃபாத்திஹா துக்கத்துக்கு நான் போகல."

"ரோடு மூடியிருந்திருக்கும்."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். ரெண்டாம் நாளே ரோட்டத் திறந்துட்டாங்க. எனக்குப் பயம். மூணு நாளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிப் போயி வந்தேன்." கையில் இருந்த தேநீர்க் குவளையை உருட்டினார். "அண்ணன்காரன் துக்கத்துல வந்து உக்காரலேன்னா அங்க அது எப்பேர்ப்பட்ட விசயம்னு உங்களுக்குத் தெரியும். பத்து வருசமாச்சு. அவன் ஒரு வார்த்தை சொல்லி விடல. நானும் கேட்டு விடல."

ஹிக்மத் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். அவனுக்குத் தெரிந்தது புத்தகம் எடுத்துக் கொடுப்பது ஒன்றுதான். ஒரு நாவல் அவன் மனதில் வந்து நின்றது. இருபது வருடம் கழித்துச் சொந்த ஊருக்குத் திரும்புகிறான் ஒருவன். பேர் கிடையாது, "நான்" என்றுதான் சொல்லிக்கொண்டு போவான். கையில் ஒரு பெட்டி. ஒரே நாள், ஒரே ஆறு, ஒரு படகு. அக்கரையில் ஏறி மேட்டுக்கு வருகிறான். தூரத்தில் தன் வீட்டு விளக்கைப் பார்க்கிறான், உள்ளே எல்லோரும் சிரிப்பதைக் கேட்கிறான், தான் இல்லாமலும் சிரிக்கிறார்கள் என்பது விளங்குகிறது. திரும்பிப் படகுக்கே போகிறான். ஹிக்மத் படித்த முடிவுகளில் அவனை ஆட்டிவைத்தது அதுதான். திரும்பிப் போகிறவனும் மனிதன்தான் என்று அது சொல்கிறது. மிஸ்ஹருக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தான். அந்த நினைப்புக்கு அடியில், அவர் பாக்தாதிலேயே இருப்பார் என்பதும் இருந்ததா? அப்போது அவன் அப்படித் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூலப் பிரதி கைக்கு வந்து சேர மே மாதமாகிவிட்டது. அதோடு இன்னொரு நாவலும் வந்தது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஊர் ஊராகப் போகும் ஒரு குமாஸ்தாவின் கதை, அதுவும் "நான்" என்று சொல்கிற கதை, அதே பதிப்பகம், அதே அச்செழுத்து. இரண்டையும் ஒரே நாளில் ஜெராக்ஸ் எடுத்தான். மடித்து, எண் போட்டுக்கொண்டே வந்தவன் இரண்டின் கடைசி ஃபாரத்துக்கும் எண் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. காலையில் போடலாம் என்று வைத்தான். காலையில் அச்சகத்திலிருந்து சீக்கிரம் வரச்சொல்லி ஆள் வந்தது.

அப்போது அக்கா நஸீமா வந்திருந்தாள். வருடத்துக்கு இரண்டு முறை பத்து நாள் வந்து தம்பியின் வீட்டைத் துடைத்து, பெட்டி நிறைய பேரீச்சம்பழம் வைத்த கிலேச்சா பிஸ்கட் சுட்டு வைத்துவிட்டுப் போவாள். மேஜையில் தைக்காமல் கிடந்த இரண்டு கட்டுகளைப் பார்த்தாள். தம்பி வருவதற்குள் தைத்து வைத்தால் அவனுக்கு ஒரு வேலை குறையும். அவள் கைத்தையல் அவன் தையலைவிட நெருக்கமாக விழும். கண்ணை மூடிக்கொண்டு தைக்கவில்லை. எண் இல்லாத இரண்டு ஃபாரம் இருப்பதைக் கவனித்தாள். எது எதில் சேரும் என்று கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு கட்டு, "படகிலிருந்து இறங்கி மேட்டில் ஏறினேன். அங்கே" என்று முடிந்தது. மேலே கிடந்த ஃபாரம், "ஒரு வீடு. கதவு சாத்தியிருந்தது" என்று தொடங்கியது. ஒட்டிப் போயிற்று. அப்படியானால் மற்றது அடுத்ததற்குத்தான். இரண்டையும் தைத்து, பசை போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்தாள்.

"அக்கா, நீ தெச்சியா?" என்றான் ஹிக்மத் சாயங்காலம் வந்து.

"ஏன், கோணலா இருக்கா?"

"கோணலா? அச்சகத்துல தைக்கறவன் இதப் பாத்தா வேலைய விட்டுட்டுப் போயிருவான்."

அக்காவுக்குக் கொள்ளாத சந்தோஷம். ஹிக்மத் புத்தகத்தை விரித்துப் பார்த்தான், பத்துப் பன்னிரண்டு இடத்தில். கடைசி ஃபாரத்தைப் பார்க்கவில்லை. முழுக்கப் படித்துப் பார்க்காமல் அவன் வெளியே விட்ட ஒரே புத்தகம் அதுதான். அக்கா செய்ததைத் திரும்பச் சரிபார்க்க மனம் வரவில்லை. இதை அவன் அக்காவிடம் சொன்னது வெகுகாலம் கழித்து.

ஜூன் முதல் வெள்ளியன்று மிஸ்ஹர் அதை வாங்கிக்கொண்டு போனார். அக்கா அதற்கு முந்தின நாளே மோசூலுக்குக் கிளம்பியிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம், அடுத்து கொடுக்க வேண்டியது குமாஸ்தா கதைதான் என்று முடிவு செய்து ஹிக்மத் அதைப் படிக்க உட்கார்ந்தான். குமாஸ்தா பதிவேட்டோடு நடந்து வருகிறான், மழை பிடிக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் தூரத்தில் வீட்டு விளக்கு, உள்ளே சிரிப்பு, ஆற்றங்கரையில் படகு. ஹிக்மத் இரண்டு முறை படித்தான். எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து மூன்றாம் முறை படித்தான்.

அப்படியானால் மிஸ்ஹர் கையில் இருப்பதில் குமாஸ்தாவின் முடிவு இருக்கிறது. அந்த முடிவு ஹிக்மத்துக்கு மனப்பாடம். குமாஸ்தா ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஒரு கிழவி திறக்கிறாள். இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், தட்டு வைக்கிறார்கள், மீனில் நல்ல துண்டாகப் பார்த்துப் போடுகிறார்கள். அவனை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டுவிட்டார்கள். அது அவனுக்குத் தெரிகிறது. இருந்தும் சொல்லாமல் சாப்பிடுகிறான். அந்த வீட்டார் ஒரு சொந்தக்காரனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது முன் ஃபாரத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் படிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஊருக்குத் திரும்பிய ஒருவனை வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மிஸ்ஹர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வழக்கம்போல் நடைபாதையில் உட்காரவில்லை.

"மாமனார் இன்னிக்கு மாப்பிள்ளையாட்டம் வந்திருக்காரே" என்றான் ஸப்ரி.

"திங்கக்கிழமை பஸ்ஸுக்கு இடம் போட்டுட்டேன் உஸ்தாத்" என்றார் மிஸ்ஹர். "பஸ்ராவுக்கு. வேலைய எழுதிக் குடுத்துட்டேன். லிஃப்ட் என்னைத் தேடாது."

ஹிக்மத் ஒரு புத்தகத்தை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"அந்தப் புத்தகத்த மூணு தடவ படிச்சேன். முதல்ல கொஞ்சம் குழம்பினேன். பெட்டியோட வந்தவன் கையில கடைசியில பெட்டியக் காணோம், ஏதோ பதிவேடு வச்சிருக்கான். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. விட்டத நாமதான் நிரப்பணும்னு. பெட்டிய ஆத்துல போட்டுட்டான். பதிவேடு அவன் செஞ்ச தப்பெல்லாம் எழுதினது. சரிதானே?"

ஸப்ரிகூடச் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியாது.

"யாரும் எதுவும் கேக்கல உஸ்தாத். தட்டு வச்சாங்க. அவ்வளவுதான். பத்து வருசமா நான் போயி என்ன சொல்றது, என்ன சொல்றதுன்னே உக்காந்திருந்தேன். சொல்ல ஒண்ணும் வேண்டாம் போல."

ஹிக்மத் கீழே விரித்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாவிட்டால் மிஸ்ஹர் போய்விடுவார், தப்பான பதினாறு பக்கத்தை நம்பி. அங்கே கதவு திறக்காவிட்டால் அதற்கு ஹிக்மத்தின் பிரதிதான் காரணம். சொன்னால், உண்மையான முடிவில் அவன் திரும்பிப் போகிறான் என்று தெரிந்தால், மிஸ்ஹர் ஒருவேளை போக மாட்டார். அடுத்த வெள்ளியும் இங்கே உட்காருவார், அதற்கடுத்த வெள்ளியும். அவனுக்கு வேண்டியதும் அதுதான். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை. தனக்கு வேண்டியது கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறோமா, உண்மை என்பதற்காகச் சொல்கிறோமா என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் அவனுக்கு வழி காட்டியது பழைய வேலைப் பழக்கம்தான். பிழை கண்ணில் பட்டால் வட்டம் போட வேண்டும். யாருக்கு லாபம் என்று மெய்ப்புப் பார்க்கிறவன் யோசிப்பதில்லை.

"அபூ நவ்ஃபல், உக்காருங்க. உங்க புத்தகத்துல தப்பு இருக்கு."

நடந்ததை எல்லாம் சொன்னான். அக்கா தைத்தாள் என்று மட்டும் சொல்லவில்லை, தான் தைத்ததாகச் சொன்னான். குமாஸ்தா புத்தகத்தில் மாறிப் போயிருந்த கடைசி ஃபாரத்தைப் பிரித்து எடுத்து வந்திருந்தான். மிஸ்ஹர் அதை வாங்கி அங்கேயே படித்தார். உதடு அசைய, மெதுவாக. ஸப்ரி அவருக்கு டீ வாங்கி வைத்தான், அது ஆறிப்போனது. படித்து முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போய் இன்னொரு முறை படித்தார்.

"அப்ப இவன் திரும்பிப் போயிடறான்."

"ஆமா."

"இதுதான் நிஜம்."

"இந்த நாவலுக்கு இதுதான் நிஜம்."

"அப்ப தட்டு வச்சாங்களே, அது யாருக்கு?"

"அது வேற ஆள். சர்க்கார் குமாஸ்தா. யாரோ சொந்தக்காரன்னு நெனச்சு சாப்பாடு போடறாங்க. அவங்களுக்கு அவன் யாருன்னே தெரியாது."

மிஸ்ஹர் தாள்களை அடுக்கி முழங்காலில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். கூட்டம் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஸப்ரியிடம் ஜெர்மன் அகராதி கேட்டார்கள், இல்லை என்று கையை ஆட்டி அனுப்பினான்.

"யாருன்னே தெரியாதவனுக்குச் சாப்பாடு போட்டிருக்காங்க" என்றார் மிஸ்ஹர். "நான் கூடப் பொறந்தவன்."

ஹிக்மத் தலையாட்டினான்.

"அவன் வெளக்கப் பாத்துட்டுப் போயிட்டான். அது தப்பில்ல. மூணு நாள் பஸ் ஸ்டாண்டுல நின்ன என்னை மாதிரிதான் அவனும். ஆனா கதவத் தட்டல பாருங்க. தட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு அவனுக்குத் தெரியாது. அந்தப் புத்தகத்த எழுதினவருக்கும் தெரியாது." எழுந்து நின்றார். "திங்கக்கிழமை போறேன் உஸ்தாத். கதவு திறக்கலேன்னா வெள்ளிக்கிழமை இங்க வந்து நிப்பேன். வேற எங்க போக?"

பிறகு புத்தகத்தை நீட்டினார். "இந்த ஃபாரத்தையும் சேத்துத் தெச்சுக் குடுங்க. ரெண்டும் இருக்கட்டும்."

இரண்டு முடிவு உள்ள புத்தகத்தை ஹிக்மத் தன் கையால் தைப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் அச்சகமே நம்பியிருக்காது. தையல் பையை எடுத்தான். அட்டையைப் பிரித்து, ஊசியில் நூல் கோத்து, அக்கா போட்ட நெருக்கமான தையலுக்குப் பின்னால் உண்மையான பதினாறு பக்கத்தை வைத்துத் தைக்கத் தொடங்கினான். ஐந்து துளை. சாதாரணமாக நாலு நிமிட வேலை. அன்று கால் மணி நேரம் பிடித்தது.

"நூல் சிக்கிக்கிச்சா?" என்றார் மிஸ்ஹர்.

"இல்ல."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்து, நூலை வெட்டியதும் இன்னொன்று கேட்டார். "அங்க எனக்கு எடுத்துக் குடுக்க யாரு இருக்கா? என்னென்ன படிக்கணும்னு எழுதிக் குடுங்க. பஸ்ராவுல அஷார்ல ஒருத்தன் கடை வச்சிருக்கான், தேடிப் பாக்கறேன்."

ஹிக்மத் ஒரு தாளில் எழுதினான். பதினொரு நாவல், வரிசை எண்ணோடு. எதற்குப் பிறகு எது என்பதில்தான் அவனுக்கு நேரம் போனது. நாலாவதை அடித்து ஆறாவதாக்கினான், பிறகு திரும்ப நாலுக்கே கொண்டுவந்தான். அவன் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த முதல் பட்டியல் அது. வாரம் ஒன்றாகக் கொடுத்திருந்தால் பதினொரு வெள்ளிக்கிழமை வந்திருக்கும். ஒரே தாளில் எழுதி முடித்து, மடித்துக் கொடுத்துவிட்டான்.

"ஒம்பதாவது தடிமனானது" என்றான். "இப்ப நீங்க படிக்கலாம்."

மிஸ்ஹர் அவன் தோளைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார், ஸப்ரிக்கும் அப்படியே. பிறகு தேநீர்க் கடை மூலையைத் தாண்டிப் போனார். தொழுகைக்கு அழைப்பு வந்தது.

திங்கட்கிழமை அச்சகத்தில் வேலை நாள். ஹிக்மத் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழரைக்கே போய்த் துணியை விரித்தான். எட்டரை ஆனது. மூலையில் யார் யாரோ திரும்பினார்கள். ஓர் உயரமான ஆள் வந்தபோது ஹிக்மத் எழுந்து நின்றான், வேறு யாரோ. அவர் வராததில் அவனுக்கு வந்த ஏமாற்றம் ஒரு நொடிதான் இருந்தது. அதற்குள் இன்னொன்று பிடிபட்டுவிட்டது. அவர் வந்திருந்தால் அங்கே கதவு திறக்கவில்லை என்று அர்த்தம்.

"மாமனாரக் காணோமே" என்றான் ஸப்ரி, வழக்கமான கேலி இல்லாமல்.

"வர மாட்டாரு, இன்ஷா அல்லாஹ்" என்றான் ஹிக்மத்.

அன்று அவனிடம் நாலு பேர் புத்தகம் வாங்கினார்கள். நாலு பேரிடமும் மூன்று கேள்வி கேட்டான். யாரும் உட்கார்ந்து பேசவில்லை. மத்தியானம் துணியை மடித்துக்கொண்டு மைதான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து, ஆஸமியா பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனான். ராத்திரி தனியாகச் சாப்பிட்டான்.

அதற்கு அடுத்த வெள்ளியும் மிஸ்ஹர் வரவில்லை. ஜூலை முழுக்க வரவில்லை. ஒவ்வொரு வாரமும் எட்டரை மணிக்கு ஹிக்மத் அந்த மூலையைப் பார்ப்பான். ஒன்பது மணிவரை பார்ப்பான். யாரும் வராததைக் கண்டு மனம் கனக்கும். வரவில்லையே, நல்லது என்று உடனே சொல்லிக்கொள்வான். பிறகு குனிந்து, புத்தகங்களை வரிசைப்படுத்தத் தொடங்குவான்.